திமிங்கில வேட்டையின் கணக்கேடு

அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள நியூ பெட்போர்ட், ஒரு காலத்தில் உலகின் விளக்குகளுக்கு எண்ணெய் வார்த்த துறைமுக நகரமாகும். 1857 ஆம் ஆண்டில் 329 திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அந்நகருக்குச் சொந்தமாயிருந்தன. 1859 இல் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட பின்னர் மண்ணெண்ணெய் மலிந்தது. திமிங்கில எண்ணெயின் மதிப்பு வீழ்ந்தது. 1903 இல் தோன்றிய வரலாற்றுச் சங்கமொன்று அத்தொழிலின் எச்சங்களைச் சேகரிக்கலாயிற்று. அதன் விளைவே இன்றைய திமிங்கில வேட்டை நூதனசாலை.

அங்குள்ள கலைப் பொருட்களுள் முதன்மையானது பெஞ்சமின் ரசல், காலெப் பரிங்டன் ஆகியோர் 1848 இல் தீட்டிய சுருள் ஓவியமாகும். சுமார் 1,275 அடி நீளமான அத்துணியைச் சுருள் விரித்துக் காட்டி, கட்டணம் பெற்று மக்களை மகிழ்வித்தனர். ரசல் தாமே வேட்டைக் கப்பலில் சென்றவர். திமிங்கிலப் பற்களில் மாலுமிகள் ஊசிமுனையால் கீறிய சித்திரங்களும், அரையளவில் அமைக்கப்பட்ட 'லகோடா' கப்பலும் காண்போரைக் கவர்வன.

எனினும், வேட்டையின் செல்வம் அனைவரையும் சென்றடையவில்லை. 1848 இல் மேம்பட்ட எறியீட்டியை உருவாக்கிய கறுப்பினக் கொல்லர் லூயிஸ் டெம்பிள் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. அவரது ஈட்டியால் பிறர் செல்வந்தராயினர். 1854 இல் அவர் வறுமையில் மறைந்தார்.

நூதனசாலையின் மிகப் பெறுமதியான சொத்து கப்பல்களின் நாட்குறிப்பேடுகளே என்பது எமது கருத்து. காற்றின் திசை, கப்பல் நின்ற இடம், கொன்ற திமிங்கிலங்கள் ஆகியன அவற்றில் நாள்தோறும் பதியப்பட்டன. இலாபக் கணக்குக்காக எழுதப்பட்ட அவ்வேடுகளைக் கொண்டே இன்றைய ஆய்வாளர்கள் பழைய காலநிலையையும் திமிங்கிலங்கள் வாழ்ந்த பரப்பையும் அறிகின்றனர். அழித்தவரின் பதிவே காப்பவருக்கு ஆதாரமாயிற்று.

நூதனசாலையின் கூரையில் இளம் நீலத் திமிங்கிலம் ஒன்றின் எலும்புக்கூடு தொங்குகின்றது. 1998 இல் அது மாண்டது எறியீட்டியால் அன்று; எண்ணெய்க் கப்பல் மோதியே. பல ஆண்டுகள் கடந்தும் அதன் எலும்புகளிலிருந்து எண்ணெய் கசிந்தது.

இவ்வாபத்து எமக்கும் அந்நியமானதன்று. தேவேந்திரமுனைக்குத் தெற்கே, உலகின் நெரிசல் மிக்க கப்பற் பாதையொன்று நீலத் திமிங்கிலங்கள் இரைதேடும் கடலை ஊடறுத்துச் செல்கின்றது. இந்து சமுத்திரம் 1979 இல் திமிங்கிலச் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆயினும் அப்பிரகடனம் ஈட்டியைத் தடுக்குமேயன்றிக் கப்பலின் முகப்பைத் தடுக்காது. 2022 இல் எம்.எஸ்.சி. என்னும் கப்பல் நிறுவனம் தனது கப்பல்களைத் தெற்கே விலகிச் செல்லப் பணித்தமை வரவேற்கத்தக்கது. ஆனால் திமிங்கிலங்களின் உயிர் ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்தில் மாத்திரம் தங்கியிருத்தலாகாது.

நியூ பெட்போர்ட் தனது தவறையும் சேர்த்தே காட்சிக்கு வைத்துள்ளது. நாமோ, எலும்புக்கூடுகளைக் காட்சிக்கு வைக்கும் நாள் வரும் முன்னரே விழித்துக்கொள்ள வேண்டும்.