மண்டியிட வைத்த வெப்பம்

2004ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவின் ஓர்லாண்டோ நகரில் தகவல் தொழில்நுட்ப மாநாடு ஒன்று நடைபெற்றது. மேடையில் இருந்த இன்டெல் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி கிரேக் பேரட், திடீரென மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். வேடிக்கையாகத்தான் செய்தார். ஆனால் காரணம் வேடிக்கையானதன்று. 4 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பெந்தியம் 4 சில்லைத் தருவதாகச் சொன்ன நிறுவனம், அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் கைவிரித்திருந்தது.

பினாங்கில் 1972 முதல் தொழிற்சாலை நடத்திவரும் இன்டெல், மலேசியர்களுக்குப் புதிய பெயரன்று. அத்தகைய ஜாம்பவானைத் தடுத்து நிறுத்தியது எது? போட்டி நிறுவனமா? இல்லை, வெப்பம்!

1974இல் ஐபிஎம் ஆய்வாளர் ராபர்ட் டென்னார்டும் அவர்தம் குழுவினரும் ஒரு விதியை எடுத்துரைத்தனர். டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், சில்லின் வேகம் கூடும்; சூடு கூடாது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கணினித் துறை இந்த விதியின் நிழலில்தான் வளர்ந்தது. ஆனால் டிரான்சிஸ்டர்கள் மிக நுண்ணியதானபோது, அணைத்து வைத்த நிலையிலும் அவற்றில் மின்சாரம் கசியத் தொடங்கியது, மூடிய பிறகும் சொட்டும் குழாயைப் போல! மின்னழுத்தத்தை மேலும் குறைக்க வழியில்லை. 2004இல் வெளிவந்த சில பெந்தியம் 4 சில்லுகள் 100 வாட்டுக்கும் மேல் விழுங்கின. அதே ஆண்டு மே மாதம், அடுத்து வரவிருந்த 'தேஜாஸ்' சில்லுத் திட்டத்தையே இன்டெல் கைவிட்டது.

தீர்வு ஓர் எளிய கணக்கில் இருந்தது. மின்னழுத்தம் பாதியானால், அதே வேகத்திலும் மின்செலவு கால் பங்காகும். வேகத்தைச் சற்றுக் குறைத்தால் அழுத்தத்தையும் குறைக்கலாம். ஒருவரை மூச்சிரைக்க ஓடவிடுவதைக் காட்டிலும், இருவரை நிதானமாக நடக்கவிட்டு வேலையைப் பகிர்ந்து கொடுப்பது சிக்கனம் அல்லவா? 2006 ஜூலையில் வந்த 'கோர் 2 டுவோ' அப்படிப்பட்ட இரட்டை மையச் சில்லு. மேசைக் கணினிக்கான அதன் அளவு 65 வாட். அதற்கு வித்திட்டது, இஸ்ரேலின் ஹைஃபா நகரில் மடிக்கணினிக்காக உருவாக்கப்பட்டு 2003இல் வெளிவந்த பெந்தியம் எம். பேட்டரியை மிச்சப்படுத்தப் பிறந்த சில்லு, மேசைக் கணினிக்கும் வழிகாட்டியது. எனினும் ஒரு சுமை மீந்தது. வேலையைப் பிரித்துக் கொடுக்கும்படி மென்பொருளை எழுத நிரலாளர்கள் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கனப் பாடத்தை முன்னரே படித்தவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்தனர். ஏக்கார்ன் நிறுவனத்தின் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சில்லு, 1985 ஏப்ரல் 26ஆம் நாள் உயிர்பெற்றது. விலை மலிவான பிளாஸ்டிக் உறையே போதும் எனும் அளவுக்குச் சூடு குறைய வேண்டும் என்பது அவர்களின் இலக்கு. மின்செலவை அளந்தபோது கருவி பூஜ்யம் காட்டியது! சில்லுக்கான மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை. பக்கத்துச் சுற்றுகளிலிருந்து கசிந்த மின்சாரத்திலேயே அது இயங்கிக் கொண்டிருந்தது.

அந்த ஆர்ம் வழிவந்த சில்லுகளே பின்னர் கைத்தொலைபேசிகளை ஆட்கொண்டன. 2011இல் ஆர்ம் நிறுவனம் பெரிய மையங்களையும் சிறிய மையங்களையும் ஒரே சில்லில் சேர்க்கும் முறையை அறிவித்தது. கடினமான பணி வந்தால் பெரியவை விழிக்கும். மற்ற நேரங்களில் அவை உறங்க, சிறியவை பார்த்துக்கொள்ளும். 2020இல் ஆப்பிளின் எம்1 சில்லு நான்கு பெரிய மையங்கள், நான்கு சிறிய மையங்களுடன் வந்தது. 2021இல் இன்டெல்லும் தனது 12ஆம் தலைமுறைச் சில்லுகளில் அதே பாதைக்கு வந்து சேர்ந்தது.

ஓட்டப் பந்தயத்தில் மண்டியிட்ட நிறுவனம், ஓய்வெடுக்கக் கற்றுக்கொள்ள 17 ஆண்டுகள் பிடித்தன. இரவில் மேசைமேல் கிடக்கும் கைத்தொலைபேசி காலைவரை தாக்குப் பிடிக்கிறதென்றால், அதன் மையங்களில் பெரும்பாலானவை உறங்கிக் கொண்டிருப்பதே காரணம்.