வெறுங்காலுடன் நடந்த ஓவியர்

ஓவியர்களுக்கும் திறனாய்வாளர்களுக்கும் இடையே நிகழ்ந்த பூசல்களுள் பெயர் பெற்றது 1878ஆம் ஆண்டு இலண்டன் வழக்கு. தம் ஓவியத்தை இகழ்ந்தெழுதிய ரஸ்கின் மீது விசிலர் என்ற ஓவியர் வழக்குத் தொடுத்தார். இரண்டு நாள் வேலைக்கா 200 கினி விலை என்று எதிர்த்தரப்பினர் மடக்க, இல்லை, வாழ்நாள் முழுவதும் தேடிய அறிவுக்கு என்றார் அவர். வழக்கில் வென்றார், இழப்பீடு கால் பென்னிதான்! மறு ஆண்டே திவாலானார்.

நம் நாட்டில் இந்த மரபில் வந்தவர் பண்டரிபுரத்தில் 1915இல் பிறந்த மக்பூல் ஃபிதா ஹுசைன். பம்பாயில் சினிமா விளம்பரத் தட்டிகள் எழுதிப் பிழைத்தவர். கவிஞர் முக்திபோத் 1964இல் மறைந்த துயரில் காலணியைத் துறந்ததாகக் கூறுவர். நாகரிகக் கனவான்களின் வில்லிங்டன் மன்றம் வெறுங்காலரை உள்ளே விட மறுத்தது. அவரோ காலணியைத் தேடிப் போகவில்லை. 1992இல் 'ஸ்வேதாம்பரி' என்ற கண்காட்சி வைத்தார். ஓவியம் காண வந்தோர் கண்டவை வெள்ளைத் துணியும் கிழித்த செய்தித்தாளுமே. ஓவியம் எங்கே என்று கேட்டவர்களே அந்தக் காட்சியின் பாதியாகிவிட்டனர்.

நகைச்சுவைக்கு எட்டாத பூசலும் வந்தது. 1970களில் தீட்டிய சரஸ்வதி ஓவியம் 1996இல் ஓர் இந்தி இதழில் வெளிவந்த பின், வழக்குகள் குவிந்தன. 1998இல் பம்பாய் இல்லம் தாக்கப்பட்டது. கோயிற் சிற்பங்களைப் பாருங்கள் என்று அவர்தம் ஆதரவாளர் வாதிட்டனர். அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் சென்றோர், பெரம்பலூர்ப் பள்ளிப் பிள்ளைகள் உட்பட, அத்தகைய சிற்பங்களை அறிவர். ஆயினும் அது பாதி விடையே. சோழர் காலச் சிற்பி தன் சமயத்துள் நின்று செதுக்கினான். வேற்றுச் சமயத்தவன் தூரிகையை மனிதர் வேறு விதமாகவே அளப்பர்.

நம்மவர் மட்டும் அவரைத் தாங்கினரா? மார்க்க அறிஞருள் பெரும்பாலோர் உயிரினங்களின் உருவம் வரைதலை விலக்கியுள்ளனர். அந்தக் கருத்து வேற்றுமை பழையது. 2004இல் அவருடைய 'மீனாக்ஷி' படப் பாடலொன்றில் திருக்குர்ஆனின் அன்னூர் அத்தியாயச் சொற்கள் அமைந்தன என்று முஸ்லிம் அமைப்புகள் சினந்தன. ஹுசைன் படத்தையே திரையரங்குகளிலிருந்து எடுத்துக்கொண்டார். இரு சாராரும் சினந்த பின்பு அவருக்கு எஞ்சியது நீதிமன்றமே. 2008 மே 8 அன்று தில்லி உயர்நீதிமன்ற நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் வழக்குகளைத் தள்ளி, தொண்ணூறு வயது ஓவியர் தம் இல்லத்தில் இருந்து தீட்டுதற்கு உரியவர் என்றார். அப்போது அவர் நாட்டில் இல்லை, 2006இலேயே சென்றுவிட்டார். 2010இல் கத்தர் குடியுரிமை ஏற்றார்.

2011 ஜூன் 9 அன்று இலண்டனில் இறந்தார். புரூக்வுட் அடக்கத்தலத்தில் அடங்கியுள்ளார்.