இத்தாலியத் தட்டும் நம் காலக்கணக்கும்

நவராத்திரிக்கு முந்தைய வாரம் மயிலாப்பூர் மாடவீதியில் பொம்மைக்கு விலை பேசுகிற நாம், அதைச் செய்தவர் பெயரைக் கேட்பதில்லை. வரலாறும் பானையிடம் இப்படித்தான் நடந்துகொள்கிறது.

1944இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு அலமாரியைத் திறந்த மார்ட்டிமர் வீலர், ரோமானிய மதுச்சாடி ஒன்றின் கழுத்தைப் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் புதுச்சேரி போனார். அங்கே காட்சிக்கு வைத்திருந்த ஓடுகளில் அரெட்டைன் பாத்திரத் துண்டுகள்: சிவந்து பளபளக்கும், முத்திரை குத்திய சாப்பாட்டுத் தட்டுகள். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ச் சரக்கு. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவோடு அதன் வரத்து நின்றுவிட்டது என்பது அவர் கணக்கு. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டியபோது தட்டு கிடந்த மண்ணடுக்குக்கு வயது கிடைத்தது. அதோடு கிடந்த நம்மூர்ச் சட்டிபானைக்கும்தான். 1947இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் பெருங்கற்படைக் கல்லறைகளுக்குக் காலம் சொன்னதும் இதே கயிற்றைப் பிடித்துத்தான். தென்னாட்டின் காலம் ஒரு இத்தாலியத் தட்டில் தொங்கியது.

அரெஸ்ஸோவிலேயே இந்தத் தட்டுக்கு வேறொரு கதை உண்டு. மறுமலர்ச்சிக் கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி அந்த ஊர்க்காரர். குயவரான தன் தாத்தா பழைய சூளைகளைக் கண்டுபிடித்து, உடையாத பாத்திரங்களை லொரென்ஸோ மெதிச்சிக்குக் கொடுத்தார் என்கிறார். பிரபு கைக்குப் போனதும் சோறு தின்ற பாத்திரம் கலைப்பொருளாகிவிட்டது. முத்திரைகளில் உள்ள பெயர்களில் பல அடிமைகளின் பெயர்கள் என்பது பெரிதாகப் படவில்லை.

நாம் மட்டும் என்ன? யவனன் தட்டோடு வந்தான் என்று மேடையில் முழங்கினோம். யாருடைய கணக்கை வைத்து என்று கேட்கவில்லை. உள்ளே வட்டவட்டமாகப் புள்ளிவரி போட்ட ரூலெட்டட் தட்டையும் வீலர் மத்தியதரைக்கடல் சரக்கு என்றார். 1980களில் விமலா பெக்லி அதை மறுத்தார். இந்தியாவிலேயே செய்தது என்றார். பின்னால் வந்த களிமண் ஆய்வுகள் கங்கையின் கழிமுகப் பக்கம் கைகாட்டின. ரோமனுமில்லை, தமிழனுமில்லை. இரண்டு பெருமிதத்துக்கும் தோதுப்படாத சங்கதி இது.

இப்போது கரித்துண்டு வயது சொல்கிறது, கீழடிக்குக் கி.மு. 580 என்று தமிழகத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. நல்லது, தட்டின் தயவு வேண்டாம். ஆனால் ஓட்டில் கீறிய தமிழிப் பெயர்களைப் பாருங்கள். பெரும்பாலும் பானையைச் சுட்ட பிறகு கீறியவை. அதாவது வைத்திருந்தவர் பெயர். இத்தாலியிலாவது அடிமையின் பெயரை, முதலாளி தன் கணக்குக்காகக் குத்திவைத்தான்.