சொந்த அரங்கம் இல்லாத சாம்பியன்

திண்டிவனத்தில் பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் சென்னை. ஆனால் 'சென்னை ஸ்லாம்' கூடைப்பந்து அணி கோப்பை வென்றதைப் பார்க்க அது போதாது நண்பர்களே! யூபிஏ லீக்கின் முதல் சீசன் 2015-ல் நடந்தது ஐதராபாத்தில். சாம்பியன் நம்ம சென்னை. 2017-க்குப் பிறகு லீக்கே நின்றுபோனது.

அமெரிக்காவில் பாஸ்டன் செல்டிக்ஸ் 1946-ல் தொடங்கிய அணி. பல பத்தாண்டுகள் பாஸ்டன் கார்டன்தான் அதன் வீடு. 1995-ல் புது அரங்கத்துக்குக் குடிபோனபோது, பழைய மரத்தளத்தையும் பெயர்த்து எடுத்துக்கொண்டே போனார்கள்.

பி.காமில் 'நற்பெயர்' என்பதையும் சொத்துக் கணக்கில் எழுதுவோம். ஒரே இடத்தில் வருஷக்கணக்காகக் கடை நடத்தினால் சேருவது அது. சென்னை ஸ்லாமுக்குக் கோப்பை கிடைத்தது. அப்பா, மகன், பேரன் என்று வந்து உட்கார ஒரு கேலரி கிடைக்கவில்லை. அதனால்தான் லீக் நின்றபோது அழ ஆளில்லையோ என்று தோன்றுகிறது.