ஆலையை அழைத்த வேல்ஸ், ஊரை வளர்க்கப் பார்க்கிறது

1913இல் தென் வேல்ஸ் சுரங்கங்கள் 5.6 கோடி டன்னுக்கும் மேல் நிலக்கரி வெட்டியெடுத்தன. பாரி, கார்டிஃப் துறைமுகங்கள் வழியாக அது உலகெங்கும் போனது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகு ரோண்டா போன்ற பள்ளத்தாக்கு ஊர்களுக்கு வேலை எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்கு வேல்ஸ் ஐம்பது ஆண்டுகளாகப் பதில் தேடுகிறது.

முதல் பதில், வெளிநாட்டு ஆலைகளை வரவழைப்பது. லண்டன் அரசு 1976இல் வேல்ஸ் வளர்ச்சி முகமையை நிறுவியது. பாழடைந்த சுரங்க நிலங்களை அது சீராக்கியது, தொழிற்கூடங்கள் கட்டியது, ஜப்பானிய, ஜெர்மன் நிறுவனங்களை அழைத்துவந்தது.

அந்தக் கொள்கையின் உச்சம் நியூபோர்ட்டில் வந்தது. 1996இல் கொரியாவின் எல்.ஜி. நிறுவனம் 170 கோடி பவுண்ட் முதலீட்டையும் 6,100 வேலைகளையும் அறிவித்தது. அரசு 20 கோடி பவுண்டுக்கும் மேல் மானியம் தர முன்வந்தது. அடுத்த ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி. கணினித் திரை ஆலை சில ஆண்டுகள் ஓடியது. பக்கத்தில் எழுந்த பிரம்மாண்டமான சில்லு ஆலைக் கட்டடத்திலோ ஒரு சில்லுகூடத் தயாராகவில்லை. பின்னாளில் அதன் ஒரு பகுதி தரவு மையமானது. மற்றொரு பகுதியில் கார்டிஃப் வட்டார உள்ளாட்சிகள் கூட்டாக 3.8 கோடி பவுண்ட் அளவுக்குப் போட்டு, உள்ளூர் நிறுவனமான ஐ.க்யூ.இ.க்குக் குறைகடத்திக் கூடம் அமைத்தன.

1997 பொதுவாக்கெடுப்பில் 6,721 வாக்கு வித்தியாசத்தில்தான் வேல்ஸ் தன்னாட்சிக்குச் சம்மதித்தது. 1999இல் கார்டிஃபில் பேரவை கூடியது. வரி விதிக்கும் அதிகாரம் அப்போது அதற்கு இல்லை. ஆனாலும் 2002இல் பெரிய இலக்கு ஒன்றை வகுத்தது: பிரிட்டன் சராசரியில் 80 சதவீதமாக இருந்த தலா உற்பத்தியைப் பத்தாண்டுகளில் 90 சதவீதமாக்குவது. விகிதம் ஏறவில்லை, இறங்கியது. 2005இல் வந்த அடுத்த ஆவணம் அந்த இலக்கையே கைவிட்டது. மறு ஆண்டு முதல் அமைச்சர் ரோட்ரி மோர்கனின் அரசு, வளர்ச்சி முகமையைக் கலைத்து அதன் பணிகளைத் தன் துறைகளுக்குள் இணைத்துக்கொண்டது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே பொறுப்பேற்க வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது. ஆனால் உலகச் சந்தையில் அறியப்பட்ட ஒரு பெயரை வேல்ஸ் அத்துடன் இழந்தது.

2010இல் கொள்கை மறுபடி மாறியது. தாராள மானியத்தின் இடத்துக்குத் திரும்பச் செலுத்தும் கடன் வந்தது. எல்லாத் தொழில்களுக்கும் என்றிருந்த ஆதரவு, தேர்ந்தெடுத்த ஆறு துறைகளுக்கு என்று சுருங்கியது.

2017இல் வந்த திட்டம்தான் உண்மையான திருப்பம். அரசுப் பணம் கேட்டு வரும் நிறுவனம் நியாயமான வேலை, தொழிலாளர் நலம், கார்பன் குறைப்பு ஆகியவற்றுக்கு உறுதி தர வேண்டும் என்றது அது. முதியோர் பராமரிப்பு, உணவு, வீடு, எரிசக்தி போன்ற அன்றாடத் தேவைகளின் பொருளாதாரத்துக்கும் முதன்முறையாக உரிய கவனம் கிடைத்தது. வேல்ஸில் பத்தில் நான்கு வேலைகள் அங்கேதான் என்பது அரசின் மதிப்பீடு. அதன் பலனைச் சிறிய அளவில் காணலாம். 2022 கோடையில் பள்ளிப் பிள்ளைகளின் விடுமுறைத் திட்டத்துக்கு உள்ளூர்ப் பண்ணையிலேயே சுக்கினி விளைவித்துப் பார்த்தார்கள். அந்த முயற்சி வளர்ந்து, இன்று பல உள்ளாட்சிகளின் பள்ளிச் சமையலறைகளுக்கு வேல்ஸ் காய்கறி போகிறது. எல்.ஜி.யோடு ஒப்பிட்டால் தொகை அற்பம். ஆனால் இந்தப் பண்ணையை வேறொரு நாட்டின் நெருக்கடி மூடிவிட முடியாது.

பெரிய ஆலைகள் மீது கார்டிஃபின் பிடி இன்னமும் தளர்வுதான். 2024 செப்டம்பர் 30 அன்று போர்ட் டால்பாட்டில் டாடா எஃகு ஆலையின் கடைசி ஊதுலை அணைந்தது. புதிய மின்வில் உலைக்கான 125 கோடி பவுண்டில் 50 கோடியைத் தருவது லண்டன் அரசு, மீதி டாடாவுடையது. புதிய உலைக்கு முன்போல் ஆட்கள் தேவைப்படாது. வேலையிழந்தவர்களுக்குப் புதுத் தொழில் பயிற்றும் கல்லூரிகளுக்கு நிதி ஒதுக்குவது கார்டிஃப் அரசின் பொறுப்பாகியிருக்கிறது.