பின்சீட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

இரண்டாம் உலகப் போரின்போது பர்மிங்ஹாமின் பிஎஸ்ஏ கம்பெனி, எம் 20 என்ற மோட்டார் சைக்கிளைச் சுமார் 1,26,000 எண்ணிக்கையில் செய்து கொடுத்தது. 500 சிசி, சைடு வால்வு எஞ்சின். எடை ஜாஸ்தி, வேகம் கம்மி, ஆனால் என்ன செய்தாலும் தாங்கும். செய்தி கொண்டு போகிறவர்களும், லாரி வரிசைக்கு வழிகாட்டுகிறவர்களும், ராணுவ போலீசும் ஓட்டிய வண்டி இது. இன்று அதைத் தேடிப் பிடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். எஞ்சின் எண், சட்டத்தின் எண், டேங்கில் 'சி' என்று தொடங்கும் ராணுவப் பதிவு எண், எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு ஆவணம் கிடைத்துவிடுகிறது. மாட்டிக்கொள்வது பின்சீட்டில்தான்.

காரணம் எளிது. பின்சீட்டு நாலு போல்ட்டில் நிற்கிற பொருள். கழற்றுவதும் சுலபம், வேறொன்றை மாட்டுவதும் சுலபம். போர்க்களத்தில் பெரும்பாலும் அந்த இடத்தில் சாமான் கேரியர்தான் இருந்தது. போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான வண்டிகளைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். நம் ஊரிலும் 'மிலிட்டரி டிஸ்போசல்' என்ற பெயரில் வந்தவை உண்டு. வாங்கினவர் முதலில் செய்தது என்ன? மனைவியோ தம்பியோ உட்கார ஒரு சீட்டு போட்டார். ஆக, இன்று ஒரு எம் 20-இன் பின்னால் இருக்கும் சீட்டு தொழிற்சாலையில் வைத்ததா, ராணுவப் பட்டறையில் வைத்ததா, 1948-இல் யாரோ ஒரு குடும்பஸ்தர் வைத்ததா, போன வருடம் கடையில் வாங்கிய நகலா என்று வெறுமனே பார்த்துச் சொல்ல முடியாது.

பெயின்ட் சொல்லும். பிரிட்டிஷ் ராணுவம் போர் நடக்க நடக்க நிறத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. தொடக்கத்தில் காக்கிப் பச்சை, 1942 வாக்கில் பழுப்பு, 1944 முதல் ஆலிவ் பச்சை. பாலைவனத்துக்குப் போனவற்றில் மணல் நிறம். சீட்டைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த மட்கார்டு பகுதியைப் பாருங்கள். அங்கே காக்கிக்கு மேல் பழுப்பு, அதற்கும் மேலே சிவிலியன் கறுப்பு வரை எல்லா அடுக்கும் ஒழுங்காக இருந்தால், அந்தக் கறுப்பு அடித்த பிறகுதான் சீட்டு வந்திருக்கிறது. பிராக்கெட்டுக்கு அடியில் முதல் அடுக்கு மட்டும் இருந்து, பிராக்கெட்டின் மேல் மற்ற அடுக்குகள் மட்கார்டில் உள்ள அதே வரிசையில் இருந்தால், இரண்டும் சேர்ந்தே போரைப் பார்த்திருக்கின்றன. போல்ட் துளையின் உள்விளிம்பும் முக்கியம். பெயின்ட் அடிக்கும் முன்பே போட்ட துளையா, பிறகு டிரில் வைத்துப் போட்டதா என்று அது காட்டிக்கொடுக்கும்.

இதிலும் ஒரு சிக்கல். ராணுவப் பட்டறைகளில் பத்து வண்டிகளைப் பிரித்து எட்டு வண்டிகளாகச் சேர்ப்பது சாதாரணம். எம் 20 போருக்குப் பிறகும் பல வருடம் ராணுவ வேலையில் இருந்ததால், ஒரே வண்டி மறுபடி மறுபடி பிரிந்து சேர்ந்திருக்கும். இப்படி ஒரு வண்டியில் 'ஒரிஜினல் சீட்டு' என்று எதைச் சொல்வது? தொழிற்சாலையை விட்டு வந்த நாளா, ராணுவத்தை விட்டுப் போன நாளா? எந்த நாளுக்குத் திருப்பிக் கொண்டுபோகப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் ஸ்பானரை எடுக்கக் கூடாது.

அடுத்த சாட்சி ரப்பர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. அதற்கு முன்பே மலாயா போய்விட்டது. உலகத்துக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. அது நின்றதும் பிரிட்டிஷ் வண்டிகளில் கைப்பிடி ரப்பர் போய் கான்வாஸ் வந்தது, கால்மிதியில் வெறும் இரும்பு, டேங்கின் முழங்கால் ரப்பர் காணாமலே போனது. அதனால் 1943 வண்டியில் தடிமனான ரப்பர் பின்சீட்டு இருந்தால் சந்தேகப்பட வேண்டும். 1940 வண்டி என்றால் நம்பலாம்.

அந்த 1940 சீட்டின் ரப்பர் எங்கிருந்து வந்தது? மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பங்கு நம்மிடமிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள். ஜப்பானியர் வந்த பிறகு அவர்களில் பல்லாயிரம் பேரைச் சயாம் மரண ரயில்பாதை போட இழுத்துப் போனார்கள். நிறையப் பேர் திரும்பவில்லை. மலாயா போனதும் நேச நாடுகள் இலங்கையைப் பிடித்துக்கொண்டன. அங்கே மரம் செத்தாலும் பரவாயில்லை என்று அளவுக்கு மீறிப் பால் எடுத்தார்கள். தமிழரும் சிங்களவரும் அந்த மரங்களை வெட்டினார்கள். இவர்கள் யாருடைய பெயரும் வண்டியின் எந்தத் தகட்டிலும் இல்லை. வெடித்து, கருங்கல் மாதிரி இறுகிப்போன அந்த ரப்பர் துண்டு மட்டும்தான் இருக்கிறது.

அதனால்தான் சீட்டை எடுத்ததும் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, ரப்பரைக் குப்பையில் போடுவது எனக்கு ஒப்பாத காரியம். முதலில் கழற்றாமலேயே போட்டோ. பிறகு பெயின்ட்டை ஓர் ஓரத்தில், தபால்தலை அளவுக்கு மட்டும், அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்த்துக் குறித்துவைப்பது. ஓட்டுவதற்குப் புது ரப்பர் வேண்டும்தான், உயிர் முக்கியம். பழையதை எண்ணெய் படாமல், வெயில் படாமல் ஓர் உறையில் போட்டு வண்டியின் தாள்களோடு வைக்கலாம். இயற்கை ரப்பருக்கு அந்த இரண்டும் ஆகாது. சிவிலியன் காலத்துச் சீட்டானாலும் இதே மரியாதைதான். கடைசி வரை யாரோ ஒரு பெண் பின்னால் உட்கார்ந்து சந்தைக்குப் போன சீட்டு அது. அதைக் கழற்றினால், எந்த வண்டியிலிருந்து எந்த வருடம் கழற்றியது என்று ஒரு சீட்டெழுதி அதிலேயே கட்டிவிடுங்கள். அடுத்து இந்த வண்டியை வாங்கப் போகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.