ஒரு பவுண்டுக்கு விலைபோன 233 ஆண்டு நிறுவனம்: பேரிங்ஸ் சிங்கப்பூரில் சரிந்தது எப்படி?

ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி நிலையத்துக்கு மேலே நிற்கும் ஒன் ராஃபிள்ஸ் பிளேஸ் கோபுரத்தைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகிறார்கள். 1990களில் அதன் பெயர் ஓயூபி சென்ட்டர். சிமெக்ஸ் எனும் முன்பேரச் சந்தை அங்கேதான் இயங்கியது. வண்ண வண்ண ஜாக்கெட் போட்ட வர்த்தகர்கள் கைச்சைகை காட்டி, தொண்டை கிழியக் கத்தி விலை பேசிய காலம் அது.

பிரிட்டனின் ஆகப் பழைமையான வணிக வங்கி திவாலானதற்குக் காரணமான வர்த்தகம் நடந்தது அந்தத் தளத்தில்தான். 2000க்குப் பிறகு பிறந்தவர்களில் பலருக்கு இந்தக் கதை தெரியாது.

பேரிங்ஸ் என்பது யார்?

ஜெர்மனியின் பிரேமன் நகரிலிருந்து 1717இல் இங்கிலாந்துக்கு வந்தார் யோஹான் பேரிங். எக்ஸெட்டர் நகரில் கம்பளித் துணி வியாபாரம். அவருடைய மகன்கள் ஜானும் ஃபிரான்சிஸும் 1762இல் லண்டனில் தொடங்கியதுதான் இந்த நிறுவனம். துணி வியாபாரத்தில் ஆரம்பித்து, மற்ற வணிகர்களுக்குக் கடன் கொடுத்து, பிறகு அரசாங்கங்களுக்கே பணம் திரட்டித் தரும் அளவுக்கு வளர்ந்தது.

எந்த அளவுக்கு? 1803இல் அமெரிக்கா, பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை 15 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அமெரிக்காவின் பரப்பளவு கிட்டத்தட்ட இரு மடங்கானது. அந்தப் பேரத்துக்கான கடன்பத்திரங்களை ஆம்ஸ்டர்டாமின் ஹோப் நிறுவனத்தோடு சேர்ந்து கையாண்டது பேரிங்ஸ். அப்போது பிரிட்டனும் பிரான்சும் பரம எதிரிகள். அதெல்லாம் வியாபாரத்துக்குத் தடையாக இருக்கல.

1890இல் முதல் பெரிய அடி விழுந்தது. அர்ஜென்டினாவில் போட்ட பணம் சிக்கிக்கொண்டது. இங்கிலாந்து மத்திய வங்கி மற்ற வங்கிகளைக் கூட்டி, சுமார் 17 மில்லியன் பவுண்ட் உத்தரவாத நிதி திரட்டி அதைக் காப்பாற்றியது. பேரிங்ஸ் மீண்டு வந்தது. பிற்காலத்தில் எலிசபெத் அரசியாரும் அதன் வாடிக்கையாளர்.

சிங்கப்பூருக்கு வந்த இளைஞர்

1992இல் நிக் லீசன் இங்கு அனுப்பப்பட்டார். வயது 25. லண்டனுக்கு அருகிலுள்ள வாட்ஃபர்டைச் சேர்ந்தவர், சுவர் பூசும் தொழிலாளியின் மகன்.

ஜப்பானின் நிக்கேய் 225 பங்குக் குறியீட்டின் மீதான முன்பேர ஒப்பந்தங்கள் ஒசாகாவிலும் விற்பனையாகும், இங்கேயும் விற்பனையாகும். பின்னொரு நாளில் இன்ன விலைக்கு வாங்குவேன் அல்லது விற்பேன் என்று இன்றே பேசி முடிப்பதுதான் முன்பேர ஒப்பந்தம். இரு சந்தைகளுக்கும் இடையே சிறு விலை வித்தியாசம் இருக்கும். மலிவான இடத்தில் வாங்கி, அதே நேரத்தில் மற்ற இடத்தில் விற்றால் சின்ன லாபம், ஆபத்தும் மிகக் குறைவு. லீசன் இதைத்தான் செய்கிறார் என்று லண்டன் நம்பியது.

88888: அது என்ன கணக்கு?

அவர் வந்த கொஞ்ச நாளிலேயே ஊழியர் ஒருவர் 20 ஒப்பந்தங்களை வாங்குவதற்குப் பதில் தவறுதலாக விற்றுவிட்டார். நஷ்டம் சுமார் 20,000 பவுண்ட். லீசன் அதை 88888 என்ற எண் கொண்ட கணக்கில் ஒளித்துவைத்தார். எட்டு, சீனர்களுக்கு அதிர்ஷ்ட எண்!

பிழைகளைப் போட்டுவைக்கத் தனிக் கணக்கு இருப்பது வழக்கம்தான். ஆனால் இந்தக் கணக்கின் விவரம் லண்டனுக்குச் சரியாகப் போகவில்லை. பிறகு தன்னுடைய சொந்தப் பந்தயங்களில் விட்டதையும் அவர் அதிலேயே போட்டார். 1992 இறுதியில் ஒளிந்திருந்த நஷ்டம் 2 மில்லியன் பவுண்ட். 1993 இறுதியில் 23 மில்லியன். 1994 இறுதியில் 208 மில்லியன்.

எப்படி யாருக்கும் தெரியாமல் போச்சு? கதையின் முக்கியமான இடம் இதுதான். சந்தையில் வாங்கி விற்றவரும் லீசன், அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் பிரிவுக்குத் தலைவரும் லீசன். காப்பிக் கடையில் கல்லாவில் உட்காருபவரே இரவில் கணக்கும் எழுதினால் எப்படி இருக்கும்? அதேதான்.

இதை யாரும் கவனிக்காமல் இல்லை. 1994இல் வங்கியின் உள்தணிக்கையாளர் இங்கு வந்து பார்த்து, இரண்டு பொறுப்புகளையும் பிரிக்கச் சொன்னார். பிரிக்கவில்லை. லாபம் கொட்டுகிறது என்று நினைத்தார்கள், போனஸும் கணக்குப் போட்டார்கள். லீசன் கேட்டபோதெல்லாம் லண்டனிலிருந்து பணம் வந்துகொண்டே இருந்தது. ஆபத்தில்லாத வியாபாரத்துக்கு இவ்வளவு பணம் ஏன் என்று யாராவது அழுத்திக் கேட்டிருக்க வேண்டாமா?

7.78 பில்லியன் யென் கணக்கில் இடித்ததைத் தணிக்கையாளர்கள் கண்டுபிடித்தபோது, ஒரு போலிக் கடிதம் ஃபேக்ஸில் வந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் லீசன் வீட்டு ஃபேக்ஸ் இயந்திரத்தின் பெயரே அச்சாகியிருந்தது. அதுவும் கண்ணில் படவில்லை.

கோபே நிலநடுக்கம்

1995 ஜனவரியில் லீசன், நிக்கேய் பெரிதாக ஏறாது, இறங்காது என்று பந்தயம் கட்டியிருந்தார். ஜனவரி 17 அதிகாலையில் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியது. 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜனவரி 23ஆம் தேதி ஒரே நாளில் நிக்கேய் 1,000 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. விட்டதைப் பிடிக்க லீசன் மேலும் மேலும் வாங்கினார். சந்தை ஏறவில்லை.

பிப்ரவரி 23ஆம் தேதி அவர் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பினார். மன்னிப்புக் கேட்டு ஒரு குறிப்பு மேசையில் கிடந்தது. கோலாலம்பூர், கோத்தா கினபாலு வழியாக ஐரோப்பாவுக்குப் போனவர், மார்ச் 2ஆம் தேதி ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார்.

லண்டனில் அந்த வார இறுதி முழுக்கப் பேச்சுவார்த்தை. 1890இல் செய்ததுபோல் மற்ற வங்கிகளைக் கூட்ட மத்திய வங்கி மறுபடியும் முயன்றது. ஆனால் லீசனின் ஒப்பந்தங்கள் இன்னும் திறந்தே கிடந்தன. திங்கட்கிழமை சந்தை திறந்தால் நஷ்டம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியல. யாரும் கை கொடுக்கவில்லை. பிப்ரவரி 26ஆம் தேதி பேரிங்ஸ் திவாலானது. மொத்த நஷ்டம் சுமார் 827 மில்லியன் பவுண்ட்.

யாருக்கு இழப்பு?

டச்சு நிறுவனமான ஐஎன்ஜி, கடன்களையும் ஏற்றுக்கொண்டு பேரிங்ஸை 1 பவுண்டுக்கு வாங்கியது. பணம் போட்டுவைத்தவர்கள் தப்பித்தார்கள். வங்கியின் 100 மில்லியன் பவுண்ட் கடன்பத்திரங்களை வாங்கியிருந்தவர்களுக்குப் பெரும்பகுதி போனது. அதிகம் பேசப்படாத இன்னொரு இழப்பும் உண்டு. வங்கியின் லாபம் பேரிங் அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அந்த வருமானம் நின்றுபோனதால், அதை நம்பியிருந்த தொண்டு அமைப்புகளுக்கும் அடி.

லீசன் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார். தணிக்கையாளர்களையும் சிமெக்ஸையும் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டார். 1995 டிசம்பரில் ஆறரை ஆண்டுச் சிறை. குடல் புற்றுநோய் கண்டறியப்பட்ட அவர், 1999இல் விடுதலையானார். சிங்கப்பூர் நிதி அமைச்சு நியமித்த ஆய்வாளர்களோ லீசனை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. வங்கியின் மேலதிகாரிகளையும் அவர்களது அறிக்கை கடுமையாகச் சாடியது.

சிமெக்ஸ் 1999 டிசம்பரில் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையோடு இணைந்து எஸ்ஜிஎக்ஸ் ஆனது. பேரிங்ஸ் என்ற பெயரும் அழியவில்லை. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனமான மாஸ்மியூச்சுவலின் முதலீட்டுப் பிரிவு, வட கரோலினாவின் சார்லட் நகரிலிருந்து இன்று அந்தப் பெயரில்தான் இயங்குகிறது.